காந்தத்தில் ஒட்டிய கரி

இன்று மதியம் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாழை இலை முன் உட்கார்ந்து கையை நீட்டினேன். பரிமாற வந்தவர் என் நகங்களைப் பார்த்தார். சோற்றுக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“என்ன தங்கச்சி, வொர்க்‌ஷாப்பா?”

“இல்ல அண்ணே. கரி அரைக்கிற வேலை.”

“சிங்கப்பூர்லயா? கரியா?” சிரித்துக்கொண்டே சாம்பாரை ஊற்றினார். “கை கழுவிட்டீங்கள்ல?”

சோப்புப் போட்டே கழுவியிருந்தேன். அது போகாது என்று உனக்குத் தெரியும். கிராஃபைட் நகக்கண்ணில் ஏறிவிட்டால் அழுக்குப்போலக் கறுத்துக் கிடக்காது. பென்சிலால் அழுத்தித் தேய்த்த தாள்போல மினுங்கும். சன்னலோர வெளிச்சத்தில் என் விரல் வெள்ளி பூசியதுபோல் இருந்தது. ஒரு கணம் உன் விரல்.

நீ நகச்சாயம் பூசுவதையே நிறுத்தியிருந்தாய். “ஓசியில சில்வர் கிடைக்குது, அப்புறம் எதுக்கு லா அதெல்லாம்?”

நீ போன பிறகு இரண்டாவது தீபாவளியும் வந்து போய்விட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து விட்டுவிட்டேன். இன்று இலையை மடித்துவிட்டு எழுந்தபோது, எழுதிவிடலாம் என்று தோன்றியது. காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

இப்போது நான் அட்மிரல்டி பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். சின்ன நிறுவனம். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சின்னது. வேலை, பல்கலைக்கழகத்தில் நீயும் நானும் செய்த அதே வேலைதான். கிராஃபைட்டை உருண்டைகளோடு ஜாடியில் போட்டுச் சுழற்றுகிறோம். அடுக்குகளைப் பிரிக்கிறோம். கிராஃபீன் எடுக்கிறோம்.

இதை என் அப்பாவுக்கு நீ விளக்கியதுபோல் இன்றுவரை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை.

மார்சிலிங்கில் எங்கள் வீடு. தீபாவளி விருந்து. நாம் முனைவர் ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டு. அப்பா பேருந்து ஓட்டுநர். அன்று விடுப்பு எடுத்திருந்தார். நாம் என்னதான் படிக்கிறோம் என்று கேட்டார். மில்லில் அரைக்கிறோம் என்று நான் சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப மாவு மில்லு. இத்தன வருஷம் படிச்சு ரெண்டு பேரும் மாவு மில்லுக்குப் போயிருக்கீங்க.”

“ஆமா அங்கிள்,” என்றாய் நீ. “ஆனா எங்க மில்லுல மாவாப் போச்சுன்னா ஃபெயில்.”

அடுக்களைக்குப் போனாய். பொரிக்காத அப்பளக் கட்டு ஒன்றோடு திரும்பி வந்தாய். அதை மேசைமேல் வைத்து, “ஓங்கி ஒரு குத்து விடுங்க அங்கிள்” என்றாய். அப்பா தயங்கவே இல்லை. அத்தனையும் நொறுங்கின.

“அய்யோ, விருந்தாளிங்களுக்கு வச்சிருந்தேன்!” அம்மா உள்ளிருந்து கத்தினாள்.

“சாரி ஆன்ட்டி, இன்னொரு கட்டு வேணும், சயின்ஸ்!”

இரண்டாவது கட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தித் தள்ளினாய். அப்பளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி மேசை நீளத்துக்கும் பரவின. சில தனித்தனியாக. சில இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு.

“பென்சில்ல இருக்கிற கிராஃபைட் இந்தக் கட்டு மாதிரி. ஒத்த அப்பளம்தான் கிராஃபீன். ரெண்டு மூணு ஒட்டியிருந்தாலும் சேர்த்துக்கலாம். பத்துக்கு மேல ஒட்டியிருந்தா அது பழைய கட்டுதான் அங்கிள். பேர மாத்தி வைக்கக் கூடாது.”

“ஒத்த அப்பளத்த வச்சு என்ன பண்றது?”

“பேட்டரில போடலாம், பெயிண்ட்ல போடலாம். கரன்ட் நல்லா ஓடும். அவ்வளவு மெல்லிசு, ஆனா அவ்வளவு ஸ்ட்ராங்.”

அப்பா ஓர் அப்பளத்தை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “உங்க ஆன்ட்டி போடுற அப்பளம் ஸ்ட்ராங்லாம் கிடையாது” என்றார். அடுக்களையிலிருந்து பதில் வந்தது. அதை எழுத வேண்டாம்.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வி உன்னுடையது. கிராஃபீனை எல்லோரும் எடுக்கிறார்கள். கழிவில்லாமல் எடுக்க முடியுமா? கடும் அமிலத்தில் ஊறவைக்கிற வழி இருக்கிறது. பீப்பாய் பீப்பாயாக அமிலத் தண்ணீர் மிஞ்சும். கரைப்பான்களில் போட்டுப் பிரிக்கிற வழி இருக்கிறது. அவற்றில் சில கருவிலிருக்கும் குழந்தையைக்கூடத் தாக்கும் என்று போத்தலிலேயே எழுதியிருக்கும். நீ அந்தப் போத்தலைத் தூர நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாய்: “பெரிய நாட்டுல தூக்கிப் போட்டா தூரமா போயிடும்னு நெனச்சுக்கலாம். இங்க எங்க போகும்? எல்லாம் பக்கத்து ஸ்டேஷன் தான் லா.”

நம் தீவின் அளவை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே உப்பு. கிராஃபைட்டோடு உப்பைச் சேர்த்து, ஒரு சொட்டுத் திரவமும் இல்லாமல் அரைப்பது. உப்புப் பரல்கள் அடுக்குகளை உரசி நழுவவைக்கும். அரைத்து முடித்ததும் தண்ணீரில் கழுவினால் உப்பு கரைந்து வெளியேறும். அந்தத் தண்ணீரை வற்றவைத்தால் உப்பு திரும்பக் கையில். எதையும் எங்கும் கொட்ட வேண்டியதில்லை.

ஆய்வகத்துக்கு உப்பு சின்னப் போத்தலில் வரும். நீ தேக்காவில் பை பையாக வாங்கிவந்தாய். யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய உப்பில் நடந்தால்தான் இது நடந்ததாக அர்த்தம் என்பது உன் கட்சி. பாதுகாப்பு அலுவலர் பையைப் பார்த்துத் திகைத்தார். ஆய்வகத்துக்குள் வந்த பொருள் எதுவானாலும் உண்ணத் தகாதது என்று எழுதி ஒட்டியாக வேண்டும். நீ நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் எழுதி ஒட்டினாய். சமையல் உப்பின்மேல். பிறகு அந்தப் பையைக் கட்டிப்பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டாய். அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டில் நல்ல முடிவு வந்தது.

நல்ல முடிவு என்றால் மிக நல்ல முடிவு. நம் கறுப்புத் தூளைப் பூசிச் செய்த மின்முனை, அதுவரை எங்கும் படித்திராத அளவு மின்னைச் சேமித்தது. உப்பும் தண்ணீரும் மட்டுமே செலவு. நம் ஆய்வுப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டுரையை எழுதத் தொடங்கச் சொன்னார். என் உதவித்தொகை முடிய ஒரு பருவம்தான் மிச்சம் இருந்தது. என் ஆய்வேட்டின் நடுப்பகுதி முழுக்க இந்த ஒரு முடிவின்மேல் நின்றது. அது இருந்தால் பட்டம். இல்லாவிட்டால் என்னவென்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த மாதங்களில்தான் உன் இரத்தத்தில் நோய் என்றார்கள்.

சிகிச்சைக்கு இடைப்பட்ட வாரங்களில், மருத்துவர் அனுமதித்த நாள்களில், நீ ஆய்வகம் வந்தாய். முகக்கவசம், தலையில் உன் அம்மாவின் பட்டுத் துணி. மில் பக்கம் வரக் கூடாது. ஈரமான வேலை மட்டும். அதனால் கழுவும் வேலையை எடுத்துக்கொண்டாய். வழக்கமாகக் குலுக்கும் இயந்திரத்தில் கழுவுவோம். அன்று அதை வேறு குழு எடுத்துப் போயிருந்தது. நீ கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் தூளும் விட்டு, கலக்குவதற்குக் காந்தத்தைப் போட்டாய். மாத்திரை வடிவில், வெள்ளை உறை போட்ட அந்தச் சின்னக் காந்தம். அடியிலுள்ள கருவி சுழற்ற, அது குவளைக்குள் சுழலும்.

நான் அடுத்த மேசையில் கட்டுரையின் முன்னுரையை எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஏய், இங்க வா.”

“இரு டி, ஒரு வரி.”

“வரிய அப்புறம் போடு. இதுக்கு முடி முளைச்சிருக்கு.”

இடுக்கியில் காந்தத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாய். வெள்ளையே தெரியவில்லை. சுற்றிலும் கறுப்பாக, நுனி நுனியாக, கம்பளிப்பூச்சிபோல.

“கரி ஒட்டியிருக்கும். கழுவு.”

“கழுவிட்டேன்.”

“சரியாக் கழுவு.”

“நீ வந்து கழுவேன், மகாராணி.” பிறகு குரல் தாழ்ந்தது. “கரி காந்தத்துல இப்படி ஒட்டுமா டி?”

ஒட்டாது. இரண்டு பேருக்கும் தெரியும்.

தூள் இருந்த குப்பியின் வெளிப்புறம் இன்னொரு காந்தத்தை வைத்து மேலே இழுத்தாய். உள்ளே கறுப்பு, கண்ணாடிச் சுவரில் ஏறி வந்தது. எறும்பு வரிசைபோல. நிறுத்தினால் நின்றது. நகர்த்தினால் வந்தது.

இரும்பு.

இரும்பே கலக்காத சிர்கோனியாப் பீங்கான் ஜாடி வேறு குழுவிடம் இருந்ததால் நாம் எஃகு ஜாடியிலும் எஃகு உருண்டைகளிலும் அரைத்துக்கொண்டிருந்தோம். கிராஃபைட் வழவழப்பானது, எஃகை அது தேய்க்காது என்று நம்பியிருந்தோம். உப்பை மறந்துவிட்டோம். கிராஃபைட்டின் அடுக்குகளை நழுவவைத்த அதே பரல்கள் உருண்டைகளையும் உரசி எடுத்திருந்தன. அபாரமாக மின்னைச் சேமித்தது நம் கிராஃபீன் இல்லை. அதில் பெரும்பங்கு இரும்பும் அதன் துருவும் செய்த வேலை.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ குப்பியைக் கீழே வைக்கவில்லை.

“அமிலத்துல கழுவினா இரும்பு போயிடும்” என்றேன். உண்மைதான். எல்லோரும் செய்வது அதுதான்.

“போயிடும். அந்த அமிலம் எங்க போகும்?”

நான் கணினித் திரையில் இருந்த கட்டுரைத் தலைப்பைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

“வெறும் தண்ணில கழுவினாப் போதும்னு தலைப்புலயே போட்டிருக்கோம் டி. அத எடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கு? இன்னொரு மாவு மில்லு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். அன்றைக்கே தெரிந்திருக்கும் உனக்கு. கீழே கோப்பிக்கடைக்கு அழைத்துப் போய், பால் விடாத தேநீர், தே ஓ, வாங்கி என் முன்னால் வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறக்காமல் நீ இருந்த ஒரே பொழுது அது.

பிறகு சொன்னாய்: “மோசமான ரிசல்ட் நம்ம கிட்ட பொய் சொல்லாது. நல்ல ரிசல்ட்டத்தான் உட்கார வச்சு விசாரிக்கணும்.”

பேராசிரியரிடம் சேர்ந்தே போனோம். குப்பியையும் காந்தத்தையும் மேசைமேல் வைத்தாய். அவர் தானே காந்தத்தை நகர்த்திப் பார்த்தார். மேலே, கீழே, மறுபடி மேலே, குழந்தைபோல. மறுபடி செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். அரைக்கிற வேலைக்குப் பிரச்சினை இல்லை. மின்னணு நுண்ணோக்கிக்குத்தான் வரிசை நீளம், என் பருவம் முடிந்த பிறகுதான் இடம் கிடைக்கும் என்றேன். அடுக்குகளை நேரில் பார்த்து எண்ண நமக்கு வேறு வழி கிடையாது. எண்ணாமல் கிராஃபீன் என்று சொல்ல முடியாது.

“என்னோட ஸ்லாட் இருக்கு” என்றாய்.

உன் சொந்த ஆய்வுக்காக, வெகுநாள் காத்திருந்து நீ வாங்கிவைத்த நேரம் அது. நம் கூட்டு வேலைக்கு அப்பால், தண்ணீர் வடிகட்டும் சவ்வுகள்தான் உன் ஆய்வேடு. பாதியில் நின்றிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “உனக்கு வேணாமா?”

“எனக்கு என்ன அவசரம்?”

மின்தூக்கிக்காகக் காத்திருந்தோம். நீ எண்கள் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நம் இருவரில் யாருக்கு அவசரம் என்பது அந்தத் தாழ்வாரத்தில் நின்ற இருவருக்குமே தெரியும். கதவு திறந்தது. உள்ளே போனோம். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை.

சிர்கோனியா ஜாடி கைக்கு வந்தது. வேகத்தைக் குறைத்தோம். வேகமாகச் சுழன்றால் உருண்டைகள் எழும்பி வந்து குத்தும். மெதுவாகச் சுழன்றால் ஜாடிச் சுவரோடு உருண்டு தேய்க்கும். நமக்குக் குத்து வேண்டாம். நீ மருத்துவமனையிலிருந்து குரல்பதிவு அனுப்புவாய்: “இன்னும் மெதுவா ஓட்டு. உங்கப்பா பஸ்ஸ ரெட் லைட்டுக்கு எப்படிக் கொண்டு போவாரு, அந்த மாதிரி.” நான் அப்பாவிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவருடைய பஸ் கம்பெனியில் அந்தப் பதிவைக் கேட்காத ஓட்டுநர் கிடையாது.

கழுவிய தூளில் காந்தத்தைப் போட்டேன். வெளியே எடுத்தேன். வெள்ளை.

உன் நேரத்தில், உன் பெயரில் பதிவாகியிருந்த இடத்தில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் பார்த்தேன். மறுநாள் பிற்பகல் படங்களோடு உன் வார்டுக்கு வந்தேன். உன் அம்மா ஈசூன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் கரண்டியோடு பிடித்துக்கொண்டு நின்றார். நீ கஞ்சியைத் தள்ளிவிட்டுக் கைப்பேசியைப் பிடுங்கினாய். படத்தின் ஓரத்தை விரல்களால் பெரிதாக்கினாய். மடிந்த விளிம்பில் கோடுகள். ஒரு கோடு ஓர் அடுக்கு. முணுமுணுத்து எண்ணினாய். மறுபடி எண்ணினாய்.

“என்னடி எண்ணுற?” அம்மா கேட்டார்.

“அப்பளம்மா.”

அவருக்குப் புரியவில்லை. நீ விளக்கவும் இல்லை. சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது. தாதி வந்து நம் மூவரையும் திட்டினார்.

முடிவு சின்னதுதான். போட்ட கிராஃபைட்டில் கொஞ்சம்தான் கிராஃபீனாக வந்தது. மீதி மெலிந்த கிராஃபைட். சேமித்த மின்னும் சாதாரணம். கட்டுரையில் முழுவதையும் அப்படியே எழுதினோம். இரும்பு எப்படி வந்தது என்பதற்கு ஒரு தனிப் பகுதி. நீதான் சொல்லச் சொல்ல எழுதவைத்தாய். இன்று உலகத்தில் எங்கெங்கோ இருந்து எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் அந்தப் பகுதியைப் பற்றித்தான். அந்தக் கட்டுரையால்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. அச்சில் அது வந்தபோது நீ இல்லை.

உன் அம்மாவிடம் ஒரு குப்பி கொடுத்தேன். விரல் நீளக் குப்பி, அடியில் கொஞ்சம் கறுப்பு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்ளோதானாம்மா?”

“இவ்ளோதான் ஆன்ட்டி.”

கண்ணாடி அலமாரியைத் திறந்து, பள்ளியில் நீ வாங்கிய வலைப்பந்துக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார். அது அங்கேயே இருக்கிறது. போன மாதம் போனபோதும் பார்த்தேன். தூசி இல்லை.

இனி, இன்று எழுதுவதற்கான காரணம்.

நேற்று எங்கள் நிறுவனத்தில் ஒரு நல்ல முடிவு வந்தது. புது உருண்டைகள், கொஞ்சம் மாற்றிய உப்பு அளவு. கிராஃபீன் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்கிறது அளவீடு. பூச்சு தயாரிக்கிற ஒரு பெரிய வாடிக்கையாளர் வெகுநாளாக இதற்குத்தான் காத்திருக்கிறார். அந்த ஆர்டர் வந்தால் நிறுவனம் நிற்கும். வராவிட்டால் அடுத்த ஆண்டு இந்த மேசையில் நாங்கள் எல்லோரும் இருப்போமா தெரியாது. முதலாளியை நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்.

“இப்பவே போன் போட்டுச் சொல்லிடுறேன்.”

“திங்கக்கிழம போடலாம் அண்ணே.”

“ஏன், சனிக்கிழமைக்கு ராகு காலமா?”

“ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கு அண்ணே.”

“அதத்தானே நானும் சொல்றேன்!”

“அதனாலதான் திங்கக்கிழம.”

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “உன்ன வச்சுக்கிட்டு வியாபாரம் பண்றது இருக்கே லா...” என்று முடிக்காமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். போட்டுவிட்டார் என்பதுதான் முக்கியம்.

நீ போனதிலிருந்து இது என் பழக்கம். நல்ல முடிவு வந்தால் ஒரு நாள் வெளியே யாரிடமும் சொல்வதில்லை. கொண்டாடுவதும் இல்லை. நடப்பேன். எங்கே தப்பு நடந்திருக்கலாம் என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். உருண்டை தேய்ந்திருக்குமா? போன தடவையின் தூள் ஜாடியில் மிச்சம் இருந்திருக்குமா? நல்லது கிடைக்கிற ஓரத்தில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டேனா?

கேட்கிற குரல் என்னுடையது இல்லை.

இன்று அந்த நாள். சாப்பிட்டுவிட்டு சிராங்கூன் சாலையில் ஃபேரர் பார்க் ரயில் நிலையம்வரை நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிற தொழிலாளித் தம்பிகள் நடைபாதை முழுக்க. இடையில் புகுந்து புகுந்து போனேன். நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். சிலவற்றுக்குப் பதில் இருந்தது. ஒன்றுக்கு இல்லை, நாளைக் காலை முதல் வேலையாக அதைச் சோதித்துவிடுவேன். பதில் சொல்லத் தெரியாதபோது நான் நின்றுவிட்டிருக்க வேண்டும். பின்னால் வந்த ஒருவர் இடித்துக்கொண்டு, “அக்கா, நடங்க அக்கா” என்றார்.

நடந்தேன்.

நாளை அந்த முடிவு நிற்குமா, விழுமா, இப்போது எனக்குத் தெரியாது. நின்றால் அண்ணன் போன் போடுவார். விழுந்தால் நானே போய் அவரிடம் சொல்வேன். எப்படியானாலும் இன்று முழுக்க நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தாய். நல்லது ஒன்று நடக்கும்போதெல்லாம் எனக்கு இப்படி ஒரு நாள் கிடைக்கிறது.